கோட்டையைக் காத்த குளங்கள்



விடுமுறை வந்ததும் நீர் சூழ்ந்த ஊர்களைக் காணச் செல்வதில் உங்களுக்கு உள்ள விருப்பம் எனக்குத் தெரியும். காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்துச் செல்லும் திருவரங்கத்தையும், காவிரியின் இரு கிளைகளுக்கு நடுவே அமைந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் உங்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். இவ்வாறு ஆற்றின் நடுவே அமைந்த நிலத்தை நம் முன்னோர் ஆற்றிடைக்குறை என்றும் அரங்கம் என்றும் வழங்கினர். அது கண்ணுக்கு இனியது, காவலுக்கும் உகந்தது. பகைவன் வந்தால் முதலில் ஆற்றைக் கடக்கவேண்டும். அதனால் அரசர் பலர் அத்தகைய நிலத்தைத் தேடிக் கோட்டை கட்டினர்.

ஆயினும் ஆற்றின் காவல் ஆண்டு முழுவதும் நிலைப்பதில்லை. 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கியபோது காவிரியில் நீர் குறைந்திருந்தது. படைவீரர் ஆற்றில் இறங்கிக் கடந்து கோட்டையைப் பிடித்தனர். திப்பு சுல்தான் அன்றே வீழ்ந்தார். பருவமழை தொடங்கி ஆறு பெருகியிருந்தால் அவர்களுடைய வேலை கடினமாகியிருக்கும். ஆறு கொடுத்த காவலைக் கோடை எடுத்துக்கொண்டது.

நான் இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் செஞ்சி. அங்குப் பேராறு இல்லை. செஞ்சிப் பகுதியில் தோன்றிப் புதுச்சேரியை நோக்கிச் செல்லும் ஆறு ஒன்று உண்டு. அதனைச் செஞ்சியாறு என்றும், வராக நதி என்றும், சங்கராபரணி என்றும் அழைப்பர். மழை பெய்தால் பெருகும். கோடையில் மணலாகக் கிடக்கும். அத்தகைய நிலத்தில், பாறையே மலிந்த மூன்று குன்றுகளின்மேல், தென்னாட்டின் பெரிய கோட்டைகளுள் ஒன்று எழுந்தது. அது எதனை நம்பி எழுந்தது? இந்த வினாவை நான் என் ஆசிரியப் பயிற்சியிற் கற்கவில்லை. என் மாணவன் ஒருவனிடம் கற்றேன். அந்தக் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் வரலாற்றாசிரியனாக இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவர் நாற்பதின்மரை ராஜகிரிக்கு அழைத்துச் சென்றேன். புறப்படும்போதே தாமதம். மலையேறத் தொடங்கியபோது வெயிலும் ஏறிவிட்டது. பிள்ளைகள் கொண்டுவந்த தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துபோயிற்று. நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பெரும் பிளவு உண்டு. அதன் மேல் மரப்பாலம் உண்டு. அந்த இடத்தில் பிள்ளைகளை நிறுத்திவைத்து, மராத்தியர் வந்த ஆண்டு, மொகலாயர் முற்றுகையிட்ட ஆண்டு, பிரெஞ்சுக்காரர் பிடித்த ஆண்டு என்று மனப்பாடமாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது கடைசியில் நின்ற ஒருவன், "ஐயா, அவர்கள் எட்டாண்டுக் காலம் இங்கே முற்றுகைக்குள் இருந்தார்கள் என்கிறீர்கள். நம்மால் மூன்று மணி நேரம் தாங்கமுடியவில்லையே. அவர்கள் எதைக் குடித்தார்கள்?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் அன்று எனக்கு இல்லை. "இடக்குப் பேசாதே, ஏறு" என்று அதட்டினேன். பத்து அடி ஏறுவதற்குள் அவனே மயங்கி உட்கார்ந்துவிட்டான். நல்ல வேளையாக, மேலிருந்து இறங்கிவந்த உள்ளூர் முதியவர் ஒருவர் தம் கையிலிருந்த குடத்து நீரை அவன் முகத்தில் தெளித்து, பிறகு பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாய் ஊற்றினார். "வாத்தியாரய்யா, மலைக்கு வரும்போது தண்ணியைப் பார்த்துவிட்டு அப்புறம் ராசாவைப் பார்க்க வேணும்" என்றார். அவர் கடிந்து சொல்லவில்லை. ஆனால் என் இருபது ஆண்டுப் படிப்பில் அப்படி ஒரு சொல் என்னைத் தைத்ததில்லை.

அடுத்த வாரம் நான் தனியாகச் செஞ்சிக்குச் சென்றேன். அதன்பின் எத்தனையோ முறை சென்றுவிட்டேன். அந்த மாணவன் கேட்ட வினாவுக்கு நான் தேடிக்கண்ட விடையையே இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

செஞ்சி இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை கோட்டையின் ஊடாகவே போகிறது. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி என்று மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. மூன்றினுள் உயர்ந்தது ராஜகிரி. ஏறத்தாழ 800 அடி உயரம். மூன்று குன்றுகளையும் இணைத்து மதில் செல்கிறது. மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்பர். மதிலின் வெளிப்புறத்தில் 80 அடி அகலமுள்ள அகழி அமைத்தனர். திருக்குறளில் அரண் என்னும் அதிகாரம் உங்களுக்குப் பாடமாக வந்திருக்கும். நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கும் அமைந்ததே அரண் என்பது அங்கே காணும் இலக்கணம். செஞ்சியில் மலையையும் காட்டையும் இயற்கை கொடுத்தது. நீரை மனிதன் சேர்க்கவேண்டியிருந்தது. பேராறு இல்லாத இடத்தில் அகழி வெட்டி நீர் நிறைத்து, அவன் ஒரு தீவைத் தானே உண்டாக்கிக்கொண்டான்.

ஆனால் அகழி நீர் பகைவனைத் தடுக்குமேயன்றித் தாகத்தைத் தீர்க்காது. குடிநீருக்கு வேறு வழி வேண்டும். அந்த வழியைக் காண நீங்கள் அடிவாரத்திலிருந்து மெல்ல ஏறி வரவேண்டும்.

ராஜகிரியின் அடியில் செட்டிக்குளம், சக்கரக்குளம் என்று இரண்டு குளங்கள் உள்ளன. மலைச்சரிவில் வழியும் மழைநீரைத் தாங்கி நிற்கும்படி அவை அமைந்துள்ளன. செட்டிக்குளக் கரையில் ஒரு மேடை உண்டு. 1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட இளைஞன் தேஜ்சிங்கின் உடல் அங்கே எரியூட்டப்பட்டதாக வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவனையே நம் மக்கள் தேசிங்குராஜன் என்று கதைப்பாடலில் பாடி வைத்துள்ளனர். சக்கரக்குளத்தின் அருகே நடுவில் துளையுள்ள ஒரு பெரும் பாறை நிற்கிறது. அதனைக் கைதிகளின் கிணறு என்பர். மரண தண்டனை பெற்றோரை அதனுள் இறக்கி, பசியாலும் தாகத்தாலும் மடியும்படி விட்டனர் என்பது வழக்கு. ஒரு துளி நீரையும் வீணாக்காமல் சேர்த்த கைகளுக்கு, அந்நீரை மறுப்பதே பெருந்தண்டனை என்பதும் தெரிந்திருந்தது போலும்!

கீழ்க்கோட்டையில் கலியாண மகால் என்னும் மாளிகையைக் காண்பீர்கள். சதுரமான முற்றத்தின் நடுவே பல நிலைகளாக உயர்ந்து, கூம்பிய முடியோடு விளங்கும் கோபுரம் அது. அந்த மாளிகைக்குக் கோட்டைக்கு வெளியிலிருந்த நீர்நிலையிலிருந்து சுட்ட மண்குழாய்கள் வழியாக நீர் வந்தது. எந்திரமும் மின்சாரமும் இல்லாத காலத்தில் மாடிக்கு நீர் ஏறுமா என்று நீங்கள் கேட்கலாம். இயற்பியற் பாடத்தை நினைத்துப் பாருங்கள். நீர் தன் மட்டத்தை நாடும். புறப்படும் இடம் சேரும் இடத்தைக் காட்டிலும் உயர்ந்திருந்து, இடையிலுள்ள குழாய் கசியாமல் இருந்தால், நீர் தாழ்ந்து சென்று மீண்டும் மேலேறும். இதிலே மந்திரம் ஒன்றுமில்லை. குழாயின் ஒவ்வொரு மூட்டையும் சுண்ணச் சாந்தால் பிழையின்றிப் பொருத்திய கைத்திறன் வேண்டும். பெயர் அறியாத அத்தொழிலாளரையும் நாம் வரலாற்றில் சேர்க்கவேண்டும்.

கீழ்க்கோட்டையில் நெற்களஞ்சியம், குதிரை லாயம், யானைக்குளம் ஆகியவற்றையும் பார்த்துவிட்டு மலையேறுங்கள். கமலக்கண்ணியம்மன் கோயிலைக் கடந்து மேலே சென்றால் முன்பு நான் கூறிய பிளவு வரும். அதன் அகலம் ஏறத்தாழ 24 அடி. ஆழம் 60 அடி. முற்காலத்தில் பாலத்தை நீக்கிவிட்டால் உச்சிக்கு வேறு வழி இல்லை. ஒரு சிலரே நின்று பெரும் படையைத் தடுக்கக்கூடிய இடம். ஆனால் பாலத்தை நீக்கியபின் உள்ளே இருப்பவர் கீழே இறங்கிக் குளத்தில் நீர் மொள்ளவும் முடியாதே! அப்பால் உச்சிக்குச் சென்றால் அரங்கநாதர் கோயில், கருவூலம், மணிக்கூண்டு, பீரங்கி ஆகியவற்றோடு என் மாணவன் வினாவின் விடையும் இருக்கிறது. ராஜகிரியின் மேற்பகுதியில் நன்னீர்ச் சுனைகள் உள்ளன; மழைநீரைத் தேக்கும் தொட்டிகளும் உள்ளன.

பாறை மழைநீரை உறிஞ்சுவதில்லை. உழவனுக்கு அது குறை; கோட்டை கட்டுகிறவனுக்கு அதுவே நிறை. பாறையில் விழும் நீரின் பெரும்பகுதி வழிந்தோடும். ஓடும் நீரை ஓரிடத்திற்குத் திருப்பித் தேக்கினால் போதும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் பாறைப் பரப்பு 10,000 சதுரமீட்டர். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 100 கனமீட்டர் நீர் கிடைக்கும். அஃதாவது ஒரு லட்சம் லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாள்தோறும் 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நூறு பேருக்கு 200 நாளைக்கு அது போதும். ஆவியாகியும் கசிந்தும் பாதி போனாலும், 100 நாள் கவலையில்லை. இது ஒரே ஒரு நல்ல மழையின் கணக்கு. எங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை அத்தகைய மழையைப் பலமுறை தருகிறது. மலையுச்சியில் இருந்தவர்கள் நீருக்காக ஆற்றை நம்பவில்லை, வானத்தை நம்பினார்கள். வானம் கொடுத்த நாளில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். 1677-இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றி அதன் அரண்களை வலுப்படுத்தினார். அவர் மறைந்தபின், மராத்தியருக்கு இடர் சூழ்ந்த காலத்தில், அவர் மகன் ராஜாராம் 1689-இல் செஞ்சிக்கு வந்து அடைக்கலம் புகுந்தார். ஒளரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698-இல். இதற்குள் ராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார். இந்த முற்றுகையில் ஒரு வியப்பு உண்டு. 1692-ஆம் ஆண்டின் இறுதியில் மராத்தியக் குதிரைப்படை வெளியிலிருந்து வந்து மொகலாயப் பாசறையின் உணவு வழிகளை அடைத்தது. முற்றுகைக்கு உள்ளே இருந்தவர்களைவிட வெளியே இருந்தவர்கள் பட்டினியால் வாடினர். சுல்பிகர் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பிறகே மீண்டும் வந்தார்.

எட்டாண்டும் கோட்டை நின்றதற்கு நீர் ஒன்றே காரணம் என்று நான் கூறமாட்டேன். மூன்று குன்றுகளையும் ஒருசேர வளைக்க முடியாத அளவுக்கு மதில் நீண்டிருந்தது. தளபதிகளுக்குள் பூசலும் ஐயமும் இருந்தன. ஆயினும் நீர் இல்லாதிருந்தால் மற்றக் காரணங்கள் எவையும் பயன்பட்டிருக்கமாட்டா. மதிலும் வீரமும் ஒரு மாதத்தில் தாகத்திற்குப் பணிந்திருக்கும்.

இதே செஞ்சி மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. 1750-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதியின் படை ஒரே இரவில் இக்கோட்டையைப் பிடித்துவிட்டது. எட்டாண்டு நின்ற அதே மதில், அதே அகழி, அதே சுனை. காவல் நின்றவர் கலங்கினால் கல்லும் நீரும் என்ன செய்யும்? பிறகு பிரெஞ்சுக்காரர் பத்தாண்டுக் காலம் அங்கே இருந்தனர். அவர்களுள் பலர் போரில் அன்றி நோயினால் மாண்டனர். செஞ்சி உடல்நலத்துக்கு ஒவ்வாத இடம் என்ற பெயர் அக்காலத்து ஐரோப்பியரிடையே பரவியது. 1761 ஏப்ரல் 5-இல் ஆங்கிலேயரிடம் கோட்டை சரணடைந்தது. புதுச்சேரி சனவரியிலேயே வீழ்ந்துவிட்டது. அதன்பின்னும் சில மாதம் செஞ்சியில் பிரெஞ்சுக் கொடி பறந்தது.

அதற்குப்பின் நகரம் தேய்ந்தது. 1597-இல் இங்கு வந்த பிமெந்தா என்னும் ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பனை நீக்கினால் போர்த்துகல் நாட்டின் எந்த நகரைக் காட்டிலும் இது பெரிது என்று எழுதிவைத்தார். அத்தகைய நகரின் கற்கள் வண்டியேறி வெளியூர் சென்றன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயர்ந்த கற்றூண்களைக் கண்டிருக்கிறீர்களா? அவை செஞ்சியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டவை. தூணைப் பெயர்த்துக்கொண்டு போகலாம்; சுனையைப் பெயர்க்க முடியாது. அதனால்தான் நாயக்கரும் மராத்தியரும் மொகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போனபின்னும் சுனை இருக்கிறது.

உலகில் இவ்வாறு நீரைச் சேர்த்து வாழ்ந்த மலைக்கோட்டைகள் வேறும் உண்டு. இலங்கையின் சிகிரியாவில் ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்னும் அரசன் தனிப் பாறையின்மேல் அரண்மனை எழுப்பினான். பாறையின் உச்சியிலேயே குளம் வெட்டினான். அடிவாரத்தில் அகழியும் நீர்ப்பூங்காவும் அமைத்தான். நிலத்தடிக் குழாய் வழியே நீர் வந்து பீறிடும் ஊற்றுகள் சில, மழைக்காலத்தில் இன்றும் இயங்குகின்றன. சிகிரியா 1982-இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. செஞ்சிக்கு அப்பெருமை 2025-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் வந்தது. மராத்தியரின் படைத்துறை நிலக்காட்சிகள் என்ற பெயரில் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட 12 கோட்டைகளுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே.

பெருமை வந்தது, பொறுப்பும் உடன் வந்தது. கோட்டைக்குச் செல்கிறவர்களுக்கு அனுபவம் பற்றிச் சில சொல்கிறேன். விடியற்காலையில் ஏறத் தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் எடுத்துச் செல்லுங்கள். குரங்குகள் இருக்கும், கையில் தின்பண்டத்தை ஏந்தி நடக்கவேண்டாம். காலிப் புட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நூற்றாண்டுகளாக மழையை ஏந்திய குளத்தில் அதனை எறியாதீர்கள். சுண்ணச் சுவரில் பெயரைக் கீறாதீர்கள். அந்தக் கோபுரத்தைக் கட்டியவர்களே அங்குத் தம் பெயரை எழுதவில்லை.

திரும்பி வந்தபின் ஒரு வேலை செய்யுங்கள். ஆசிரியனாக இருந்த பழக்கம். வீட்டுப்பாடம் கொடுக்காமல் என்னால் முடிக்க இயலாது. உங்கள் பள்ளிக் கூரையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்குங்கள். 500 சதுரமீட்டர் கூரையானால், ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 5,000 லிட்டர் நீர். அது எங்கே போகிறது என்று குழாயைப் பின்பற்றிச் சென்று பாருங்கள். நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்பு சட்டப்படி கட்டாயம். குழாய் இருக்கலாம், அது அடைபட்டும் இருக்கலாம். அடைபட்டிருந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அவர் என்னைப் போல் உங்களை அதட்டினால் மனம் தளராதீர்கள், மறுநாளும் கேளுங்கள்.

என் மாணவனுக்கு நான் விடை சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், "அன்று எனக்குத் தெரியவில்லை, தெரியாததை மறைக்கவே அதட்டினேன்" என்று கூறிவிட்டுத்தான் கரும்பலகையில் மலையை வரைந்தேன். மலையின் உச்சியில் ஒரு சிறு வட்டமிட்டு, சுனை என்று எழுதினேன். அவன் எழுந்து, "ஐயா, இன்னும் ஒரு கேள்வி" என்றான். அன்று முதல் என் வகுப்பில் யாரும் கேள்வி கேட்க அனுமதி கோரியதில்லை.